மஞ்சள் விளக்கு சொன்ன பழைய கதை

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் ஏறினால், ஒரு புறம் புத்தளம் களப்பும் மறு புறம் கடலுமாக நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் உயர்ந்த புகைபோக்கி கண்ணில் படத் தொடங்கிய நேரம், நான் ஓட்டிச் சென்ற காரின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. குதிரை லாடம் போன்ற வளைவு, அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி. வண்டி நண்பருடையது, பிரித்தானியாவிலிருந்து இறக்குமதியானது. சிவப்பு விளக்கு என்றால் உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் என்றால் விரைவில் கவனிக்க வேண்டும் என்ற அளவுக்கே எனக்குத் தெரியும். வேகத்தைக் குறைத்து, நுரைச்சோலைக் கடைத்தெருவில் இருந்த ஒரு டயர் கடையில் நிறுத்தினேன்.

கடைக்கார இளைஞர் நான்கு சில்லுகளிலும் அளவு பார்த்தார். பின் இடது டயரில் ஓர் ஆணி. காற்று 23 இறாத்தலுக்கு இறங்கியிருந்தது. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த அளவு 33. எனக்கு வியப்பாக இருந்தது அதுவன்று. மற்ற மூன்று டயர்களிலும் 29 தான் இருந்தது. நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். சூட்டிலேயே 29 என்றால், ஆறிய பின் இன்னும் குறைவு. அந்த மூன்றைப் பற்றியும் விளக்கு வாய் திறக்கவில்லை.

“லைட் பத்தினாத்தான் காத்துப் பாப்பீங்களா, சேர்?” என்று கேட்டார் அவர். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி என்னை 2000ஆம் ஆண்டுக்குக் கொண்டுபோனது. அவ்வாண்டு ஆகஸ்ட் 9ஆம் திகதி, ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில் ஓடியவை. வேகமாகச் செல்லும்போது டயரின் மேற்பட்டை பிரிந்து கழன்றது, வண்டிகள் உருண்டன. அமெரிக்காவில் மட்டும் 271 மரணங்கள் அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்டன. செய்தி வந்த இரவு நான் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் இருந்தேன். நம் வாசகருக்கு அமெரிக்க டயரால் ஆவதென்ன என்று எண்ணி, நான்கு வரியாகச் சுருக்கினேன். அது பிழை என்பதைப் பின்னாளில் படித்துத்தான் அறிந்தேன்.

அந்த விபத்துகளுக்கும் எச்சரிக்கை விளக்குகள் இருந்தன. மனித வடிவில் இருந்தன. ஸ்டேட் ஃபார்ம் என்ற காப்புறுதி நிறுவனத்தின் ஆய்வாளர் சாம் பாய்டன், ஒரே வகை டயர் தொடர்பாக 21 முறைப்பாடுகள் வந்திருப்பதைக் கண்டு, 1998இலேயே வீதிப் பாதுகாப்புத் துறைக்கு அறிவித்தார். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1999இல் ஃபோர்ட் நிறுவனம் வளைகுடா நாடுகளில் அந்த டயர்களை மாற்றிக் கொடுத்தது. புத்தளத்து வீடுகளிலிருந்து எத்தனையோ பேர் பிழைக்கப் போன அதே பாலைவன வீதிகள்தாம் அவை. 2000 பெப்ரவரியில் ஹூஸ்டன் நகரின் கே.எச்.ஓ.யு தொலைக்காட்சியில் செய்தியாளர் அன்னா வெர்னர் இதை வெளிக்கொணர்ந்த பிறகுதான் நாடு விழித்தது.

பின்னர் இரு நிறுவனங்களும் ஒன்றையொன்று சாடின. டயரில் குறை என்றது ஃபோர்ட். வண்டியில் குறை என்றது ஃபயர்ஸ்டோன். ஃபோர்ட் பரிந்துரைத்த அழுத்தம் 26 இறாத்தல். ஃபயர்ஸ்டோன் வேண்டும் என்றது 30. ஏறத்தாழ நூறு ஆண்டு பழமையான வணிக உறவு 2001 மே மாதத்தில் முறிந்தது. காற்றுக் குறைந்த டயர் சுழலும்போது அதன் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி மடங்கி நிமிர்கிறது, அதனால் சூடேறுகிறது, சூடு, உள்ளே இரும்புக் கம்பிப் படைகளை ஒட்டியிருக்கும் இறப்பரைத் தளர்த்துகிறது. தயாரிப்பில் குறையுள்ள டயருக்கு அது எமன்.

டயர் அழுத்தத்துக்கு விளக்கு வைப்பது புதிய எண்ணமன்று; 1986இல் வந்த போர்ஷ 959 காரிலேயே அத்தகைய கருவி இருந்தது. ஆனால் அது செல்வந்தரின் வசதியாக இருந்தது. அதைச் சாதாரணக் காருக்குக் கொண்டுவந்தது 2000 நவம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி கிளின்டன் கையொப்பமிட்ட சட்டம். முதலில் வந்த விதி, சில்லுகளின் சுழற்சி வேகத்தை ஒப்பிட்டுக் கணிக்கும் மலிவான முறையையும் அனுமதித்தது. நான்கு டயர்களும் ஒரே அளவில் இறங்கினால் அன்றைய அந்த முறைக்குத் தெரியாது. 2003இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியைத் தள்ளியது. 2005இல் திருத்திய விதி வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கு எல்லாப் புதிய கார்களிலும் விளக்கு கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய பயணிகள் கார்களுக்கும் அது கட்டாயம். நுரைச்சோலையில் என் முன் எரிந்தது இந்த வரலாற்றின் கடைசிப் பொறி.

ஆனால் அந்த அமெரிக்க விதியைக் கவனியுங்கள். அழுத்தம் குறித்த அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்த பிறகு, 20 நிமிடத்துக்குள் எரிந்தால் போதும். 33 இருக்க வேண்டிய டயர் ஏறத்தாழ 25க்கு இறங்கும் வரை விளக்கு மௌனமாக இருக்கலாம். நம் மூன்று டயர்களும் அந்த மௌனத்துக்குள்தான் இருந்தன. 1930களின் நடுவில் ஹட்சன் கார்கள் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் மானியை எடுத்துவிட்டு விளக்கை வைத்த காலம் முதல் இதே குறைதான்: எண்ணைப் பார்க்கும் பழக்கம் போய், விளக்குக்குக் காத்திருக்கும் பழக்கம் வந்தது.

இலங்கைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நம் வீதிகளில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்தவை. ஜப்பானில் இந்த விளக்கு கார்களுக்குச் சட்டப்படி கட்டாயமாக்கப்படவில்லை. ஆகவே பலவற்றில் அது இல்லவே இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளே மேலும் பழையனவாகி ஓடின. அவற்றுக்குக் காவல் அந்த இளைஞரின் கையிலிருந்த சிறு அழுத்தமானிதான்.

அவர் சொன்ன முறை எளியது. காலையில், வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் எண் அது தாங்கும் உச்ச அளவு. நிரப்ப வேண்டிய அளவு கதவுத் தூணில் இருக்கிறது. ஜப்பானிய வண்டிகளில் அது கிலோபாஸ்கலில் இருக்கும். 230 என்றிருந்தால் ஏறத்தாழ 33 இறாத்தல். ஓடிவந்த சூட்டில் அளவு கூடித் தெரிகிறதென்று காற்றைத் திறந்துவிடக் கூடாது. மாதம் ஒரு முறையும், நெடும்பயணத்துக்கு முன்பும் பார்த்தால் போதும். மேலதிகச் சில்லையும் மறக்கக் கூடாது.

ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, நான்குக்கும் காற்று நிரப்பி அனுப்பினார். மறுநாள் காலையில் கற்பிட்டியில், வண்டியை எடுக்கும் முன் நானே குனிந்து அளந்து பார்த்தேன். இருபத்தைந்து ஆண்டுக்கு முன் நான்கு வரியாகச் சுருக்கிய செய்தியின் மிச்சத்தை அன்றுதான் முழுதாக வாசித்தேன் போலிருந்தது.