கடல் விழுங்கிய கரி



மனிதன் எவ்வளவு புகை விட்டாலும் கடல் அதை விழுங்கிவிடும் என்று விஞ்ஞானிகள் பலர் ஒரு காலத்தில் நம்பியிருந்தார்கள். அந்த நம்பிக்கை எப்படிக் கலைந்தது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

1938 இல் கை கலண்டர் என்ற பிரித்தானியப் பொறியியலாளர், நிலக்கரி எரிப்பதால் காற்றில் காபனீரொட்சைட்டு கூடுகிறது, பூமியும் சூடாகிறது என்று எடுத்துச் சொன்னார். பலர் அதை ஏற்கவில்லை. காற்றில் உள்ளதைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு காபன் கடலில் இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் என்ன என்று கேட்டார்கள்.

இதற்கு விடை 1957 இல் கிடைத்தது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிறுவனத்தில் பணியாற்றிய றொஜர் ரெவெலும் ஹான்ஸ் சூஸும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காற்றிலுள்ள வாயு சுமார் 10 ஆண்டுகளில் கடலில் கரைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கடல்நீரின் இரசாயனம் அதற்குத் தடை போடுகிறது. கரையும் வாயு, நீரிலுள்ள காபனேற்றுடன் சேர்ந்து இருகாபனேற்றாக மாறுகிறது. காபனேற்றின் இருப்போ கொஞ்சம். அது குறையக் குறைய, நீர் மேலும் வாங்க மறுக்கிறது. காற்றில் இவ்வாயு 10 வீதம் கூடினால், மேற்பரப்புக் கடல்நீரிலுள்ள காபன் ஏறத்தாழ 1 வீதமே கூடும்.

மறு ஆண்டே சார்ள்ஸ் கீலிங், ஹவாயின் மௌனா லோவா மலையில் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து இலட்சத்தில் 315 பங்காக இருந்த வாயு, 2024 இல் 420 ஐயும் தாண்டியிருந்தது.

சரி, கடல் வாங்கிய பங்கு என்னவாயிற்று? நாம் வெளியிடுவதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை அது வாங்குகிறது. அந்த வாயு நீருடன் சேர்ந்து காபோனிக் அமிலமாகிறது. அமிலத்தை அளக்கும் பீஎச் அளவுகோலை 1909 இல் வகுத்தவர், டென்மார்க்கின் கார்ள்ஸ்பேர்க் ஆய்வுகூடத்து சோரன்சென். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடல்நீரின் பீஎச், இப்போது 8.1 அளவில் இருக்கிறது. கடல் இன்னும் காரம்தான். ஆனால் 0.1 தானே என்று எண்ணவேண்டாம். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் ஐதரசன் அயன்கள் 10 மடங்காகும். ஆகவே இச்சிறு இறக்கம்கூட ஏறக்குறைய 30 வீத அதிகரிப்பு.

சிப்பியும் பவளமும் ஓடு கட்டுவது காபனேற்றில்தான். 2003 இல் கென் கல்டேராவும் மைக்கல் விக்கற்றும் இந்த ஆபத்தைக் கணக்கிட்டு எழுதினார்கள். சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் ஒறிகன் கரையோரச் சிப்பிப் பண்ணைகளில் குஞ்சுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஆழத்திலிருந்து மேலெழுந்த, அமிலத்தன்மை கூடிய நீரே முக்கிய காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது.

கடல் வாங்கியிராவிட்டால் பூமி இன்னும் சூடாகியிருக்கும். அந்த உதவிக்கான விலையை ஓடு கட்டும் சிற்றுயிர்கள் கொடுக்கின்றன. அவற்றை நம்பியிருக்கும் மீனவர்களும் கொடுக்க நேரும்.