கிரீன்பேக்: ஒரு சொல்லும் ஒரு நோட்டும்

டாலர் ஏறினாலும் இறங்கினாலும் ஆங்கில வணிகச் செய்திகளில் 'கிரீன்பேக்' என்ற சொல் தவறாமல் வந்துவிடும். அமெரிக்க டாலருக்கு அது ஒரு செல்லப்பெயர் என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய அமெரிக்க நோட்டுகளைச் சேகரிப்பவர்கள் அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை. அவர்களுக்கு அது ஒரு குறிப்பிட்ட தாளின் பெயர். 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது, கையில் தங்கம் போதாமல் திணறிய வாஷிங்டன் அரசு அவசரமாக வெளியிட்ட நோட்டின் பெயர். நேர்ப்பொருள் 'பச்சை முதுகு'. பச்சைக்கு ஒரு வரலாறு உண்டு, முதுகுக்கு வேறொன்று உண்டு. இரண்டும் ஒரே தாளில் சந்தித்தபோதுதான் சொல் பிறந்தது.

முதலில் முதுகு. 1836க்குப் பிறகு கால் நூற்றாண்டுக் காலம் அமெரிக்காவில் மத்திய வங்கி என்று ஒன்று இல்லை. அன்றாடப் புழக்கத்துக்கு மத்திய அரசும் நோட்டு அடிக்கவில்லை. மாநிலங்களிடம் உரிமம் பெற்ற தனியார் வங்கிகள் ஆளுக்கொரு நோட்டை அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டன. எந்த வங்கி இருக்கிறது, எது மூடிவிட்டது, எந்த நோட்டு கள்ள நோட்டு என்று பார்த்துச் சொல்வதற்கென்றே பத்திரிகைகள் வந்தன. நியூயார்க்கில் ஜான் தாம்சன் நடத்திய பத்திரிகை அவற்றுள் பெயர்பெற்றது. கடைக்காரர்கள் அதைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். ஆயிரக்கணக்கான வகையில் வந்த இந்த நோட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு: முன்பக்கம் மட்டுமே அச்சு, பின்பக்கம் வெறும் தாள்.

விதிவிலக்குகள் இருந்தன. நியூ ஆர்லியன்ஸ் நகரின் சிட்டிசன்ஸ் வங்கி பத்து டாலர் நோட்டின் பின்பக்கத்தில் பத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சிட்டது. அந்தச் சொல்லை ஆங்கிலம் பேசுவோர் 'டிக்ஸ்' என்று வாசித்ததாகவும், தென் மாநிலங்களுக்கு 'டிக்சி' என்ற பெயர் அதிலிருந்தே வந்ததாகவும் ஒரு கதை நெடுநாளாக உலவுகிறது. நோட்டு வியாபாரிகள் அந்தத் தாளை விற்கும்போது இந்தக் கதையையும் சேர்த்தே விற்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஒலி ஒத்துப்போவதால் மட்டும் ஒரு சொல்லுக்கு வேர் கிடைத்துவிடாது. இடைப்பட்ட வழக்குக்குச் சான்று வேண்டும்.

உறுதியான முன்னோடி டெக்சாஸில் இருக்கிறது. டெக்சாஸ் தனிக் குடியரசாக இருந்த நாளில், 1839 முதல், பின்பக்கம் செம்மஞ்சள் நிறத்தில் அச்சான நோட்டுகளை வெளியிட்டது. மக்கள் அவற்றை 'ரெட்பேக்' என்றார்கள். சில ஆண்டுகளிலேயே ஒரு ரெட்பேக் டாலர் சில சென்ட் விலைக்குச் சரிந்து, குடியரசின் மானத்தையும் வாங்கியது. ஆகவே, பின்பக்க நிறத்தை வைத்து நோட்டுக்குப் பெயரிடும் பழக்கம் கிரீன்பேக்கோடு தொடங்கவில்லை. வெறும் முதுகுகளுக்கு நடுவே நிறம் பூசிய முதுகு ஒன்று வந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். பெயரும் அங்கிருந்தே வரும்.

இனி பச்சை. அழகுக்காக வந்த நிறமல்ல அது. புகைப்படக் கலை பரவப் பரவ வங்கிகளுக்குக் கிலி பிடித்தது. கறுப்பு மையில் அச்சான நோட்டை அப்படியே படமெடுத்துப் பிரதி செய்துவிடலாம். அதைத் தடுக்க அச்சகங்கள் கறுப்போடு சிவப்பு, நீலம் போன்ற நிறங்களைச் சேர்த்தன. கள்ள நோட்டு அடிப்பவர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். வண்ண மையை ரசாயனத்தால் கரைத்து நீக்குவார்கள். கறுப்பு மை அசையாமல் நிற்கும். அதைப் படமெடுத்துக்கொண்டு, பிறகு வண்ணத்தைத் தனியாக அச்சிட்டுவிடுவார்கள். கறுப்பைக் கெடுக்காமல் நீக்கவே முடியாத ஒரு வண்ண மை தேவைப்பட்டது.

கனடாவில் வாழ்ந்த வேதியியலாளர் தாமஸ் ஸ்டெரி ஹன்ட் அதைக் கண்டுபிடித்தார். குரோமியம் ஆக்சைடு சேர்ந்த பச்சை மை. அமிலத்துக்கும் மசியாது, காரத்துக்கும் மசியாது. 1857 ஜூன் 30ஆம் தேதி ஜார்ஜ் மாத்யூஸ் என்பவர் பெயரில் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. சில அச்சகங்கள் இணைந்து 1858இல் உருவான அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனியின் கைக்கு அந்த உரிமை வந்து சேர்ந்தது. 1861க்கு முன்பே சில தனியார் வங்கி நோட்டுகளின் முன்பக்கத்தில் இந்தப் பச்சை பூச்சாக வந்திருக்கிறது. அந்த நிறுவனம் 1861இல் அரசுக்காக அச்சிட்ட நோட்டுகளின் முகப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், 1857 ஜூன் 30இல் காப்புரிமை பெற்றது என்று சொல்லும் பொடி எழுத்து வரி ஒன்று தெரியும். பலர் அதை நோட்டின் தேதி என்று தவறாக எண்ணுகிறார்கள். அது மையின் தேதி. நோட்டின் தேதி வேறிடத்தில் பெரிதாக இருக்கும்: 1861 ஆகஸ்ட் 10.

அந்த நோட்டுகளுக்கு வழங்கும் பெயர் 'டிமாண்ட் நோட்'. கேட்டவுடன் தங்கம் தரப்படும் என்ற வாக்குறுதி அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது. 1861 ஜூலை 17இல் சட்டம் வந்தது. மொத்தம் 6 கோடி டாலர் அளவுக்கு வெளிவந்தன. 5, 10, 20 என மூன்றே மதிப்புகள். மூன்றின் பின்பக்கமும் பச்சை. பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, சின்சினாட்டி, செயின்ட் லூயிஸ் என ஐந்து நகரங்களில் எதில் பணம் பெறலாம் என்பது முகப்பில் அச்சாகியிருக்கும். பத்து டாலர் நோட்டில் லிங்கனின் படம் இருந்தது. அவர் அப்போது பதவியில் இருந்த அதிபர்.

இந்த நோட்டை நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம் கையெழுத்து. ஒவ்வொரு நோட்டிலும் கருவூலரும் கருவூலப் பதிவாளரும் கையெழுத்திட வேண்டும். லட்சக்கணக்கான தாள்களில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு மாளுமா? ஆகஸ்ட் 5ஆம் தேதி இன்னொரு சட்டம் கொண்டுவந்து, எழுத்தர்கள் அவர்கள் சார்பில் கையெழுத்திடலாம் என்று அனுமதித்தார்கள். ஆனால் அச்சுத் தட்டில் பதவிப் பெயர் மட்டுமே செதுக்கப்பட்டிருந்தது. அதனால் எழுத்தர் ஒவ்வொருவரும் தம் பெயரை எழுதி, பதவிப் பெயருக்கு முன்னால் 'ஃபார் த' என்ற இரண்டு சொற்களையும் பேனாவால் எழுத வேண்டியிருந்தது. ஒரு தாளுக்கு இரண்டு இடம், நாள் முழுக்க அதே வேலை. சில வாரங்களில் கை ஓய்ந்து, அந்த இரண்டு சொற்களையும் தட்டிலேயே செதுக்கிவிட்டார்கள். கையால் எழுதப்பட்டவை மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. அப்படி ஒரு நோட்டு ஏலத்துக்கு வந்தால், செதுக்கிய வகைக்குக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு விலை போகிறது. பழுப்பேறிய மையில் ஒரு குமாஸ்தாவின் அவசரக் கிறுக்கலுக்கு அவ்வளவு விலை. அது நியாயமான விலை என்றே நான் சொல்வேன். ஓர் அரசு எவ்வளவு அவசரத்தில் இருந்தது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேறில்லை.

1861 டிசம்பர் இறுதியில் வங்கிகள் தங்கம் தருவதை நிறுத்தின, அரசும் நிறுத்தியது. கேட்டவுடன் தங்கம் என்ற வாக்கு போயிற்று. 1862 பிப்ரவரி 25இல் புதிய சட்டம் வந்தது. இந்த முறை தங்க வாக்குறுதியே கிடையாது. சட்டப்படி வாங்கியே ஆக வேண்டிய பணம், அவ்வளவுதான். முதலில் 15 கோடி டாலர், பின்னர் அனுமதி 45 கோடி வரை போனது. இவற்றின் அதிகாரப்பூர்வப் பெயர் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் நோட்'. எல்லாக் கடனுக்கும் செல்லும், ஆனால் இறக்குமதிச் சுங்க வரிக்கும் அரசுக் கடனின் வட்டிக்கும் செல்லாது என்று அந்தப் பச்சைப் பின்பக்கத்திலேயே அச்சிட்டார்கள். ஒரு டாலர் நோட்டில் நிதிச் செயலர் சேஸ் தம் படத்தையே போட்டுக்கொண்டார். நான்கு நான்காக அச்சான தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டும் வேலைக்குக் கருவூலர் ஸ்பின்னர் பெண்களை அமர்த்தினார். மத்திய அரசு அலுவலகங்களில் பெண்கள் பெருமளவில் நுழைந்த வழிகளில் அது ஒன்று. கையால் வெட்டியதால்தான் அக்கால நோட்டுகளின் ஓரம் கோணல்மாணலாக இருக்கிறது. நான்கு பக்கமும் ஓரம் முழுதாக உள்ள நோட்டுக்குச் சேகரிப்பாளர்கள் கூடுதல் விலை தருவதன் காரணமும் அதுவே.

இங்கே சேகரிப்பாளர்களிடையே ஒரு வழக்கு உண்டு. கிரீன்பேக் என்ற பெயர் டிமாண்ட் நோட்டுக்கு உரியதா, 1862 நோட்டுக்கு உரியதா? என் முடிவு இது: பெயர் பிறந்தது முன்னதில், நிலைத்தது பின்னதில். டிமாண்ட் நோட்டைச் சுங்க வரிக்குத் தங்கத்துக்கு நிகராக வாங்கிக்கொண்டார்கள். அதனால் இறக்குமதி வணிகர்கள் கூடுதல் விலை கொடுத்து அவற்றைத் தேடி வாங்கி வரியாகக் கட்டினார்கள். கருவூலத்துக்குத் திரும்பியவை அழிக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் அந்த நோட்டு புழக்கத்திலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. பெயர் மட்டும் அதே நிற முதுகு கொண்ட அடுத்த நோட்டுக்கு மாறியது. சிப்பாயின் சம்பளமும் தையற்காரியின் கூலியும் அந்த இரண்டாவது நோட்டில்தான் வந்தன.

பெயரின் கனமும் அதோடு மாறியது. 1864 ஜூலையில் 100 டாலர் தங்கம் வாங்க 280 டாலருக்கும் அதிகமான கிரீன்பேக் தேவைப்பட்டது. வாங்கியவர் வாயில் அந்தச் சொல் வசையாக ஒலித்திருக்கும். போர் முடிந்தபின் கடனில் மூழ்கிய விவசாயிகளுக்கோ அது நம்பிக்கையாக மாறியது. தாள் பணத்தைக் குறைக்காதே, கூட்டு என்று அவர்கள் கேட்டார்கள். 'கிரீன்பேக் கட்சி' என்ற பெயரிலேயே ஒரு கட்சி எழுந்தது. 1876இல் தொழிலதிபர் பீட்டர் கூப்பரை அதிபர் தேர்தலில் நிறுத்தியது. ஒரு மையின் நிறம் கட்சிப் பெயராகும் அளவுக்கு ஏறியதை வேறெங்கும் நான் கண்டதில்லை. நீதிமன்றத்திலும் கிரீன்பேக் இழுபட்டது. அந்த நோட்டை வெளியிட்ட அதே சேஸ், பின்னர் தலைமை நீதிபதியாகி, 1870இல் பழைய கடன்களுக்கு அது செல்லாது என்று தீர்ப்பெழுதினார். மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றியது. சேஸ் சிறுபான்மையில் நின்றார். 1879 ஜனவரி 1 முதல் கிரீன்பேக்குக்கு ஈடாக மறுபடி தங்கம் தரப்பட்டது. புழக்கத்திலிருந்த அளவை 34,66,81,016 டாலரில் நிறுத்திவைக்க முந்தைய ஆண்டே சட்டம் வந்திருந்தது.

'பேக்' என்ற பின்னொட்டு கிரீன்பேக்கோடு நிற்காமல் மேலும் குட்டி போட்டது. தென் மாநிலக் கூட்டமைப்பின் நோட்டுகளை 'கிரேபேக்' என்றார்கள். 1882 வரிசைத் தேசிய வங்கி நோட்டுகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் 'பிரவுன் பேக்', 'டேட் பேக்', 'வேல்யூ பேக்' என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். பின்பக்கத்தைப் பார்த்துப் பெயரிடும் பழக்கம் அவர்களிடம் அவ்வளவு ஊறிவிட்டது. 1890ஆம் வருட ஆயிரம் டாலர் கருவூல நோட்டின் பின்பக்கத்திலுள்ள பெரிய பூஜ்யங்கள் தர்பூசணி போலத் தெரிவதால் அதற்கு 'கிராண்ட் வாட்டர்மெலன்' என்று பெயர். 2014இல் ஒன்று 30 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

சொல் இன்று குறிக்கும் பொருளுக்கு வருவோம். 1914 முதல் வெளிவரும் ஃபெடரல் ரிசர்வ் நோட்டைத்தான் நாம் டாலர் என்று கையில் வாங்குகிறோம். 1929இல் நோட்டுகளின் அளவைச் சுருக்கி வடிவத்தை ஒழுங்குபடுத்தியபோதும் பின்பக்கப் பச்சையை விடவில்லை. மை தாராளமாகக் கிடைத்தது, எளிதில் கெடவில்லை, மக்கள் மனத்தில் அரசின் நாணயத்தோடு அந்த நிறம் ஒட்டிவிட்டது. ஆனால் சட்டத்தின் கண்ணில் ஃபெடரல் ரிசர்வ் நோட் கிரீன்பேக்கின் வாரிசு அல்ல. 1862 சட்டத்தின் நேர் வாரிசான யுனைடெட் ஸ்டேட்ஸ் நோட் தனியாகவே வந்துகொண்டிருந்தது. முகப்பில் சிவப்பு முத்திரை இருக்கும். 1966 வரிசை 100 டாலர் நோட்டோடு அது நின்றது. 1971க்குப் பிறகு புதிதாக வெளியிடவில்லை.

சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு இதனால் ஒரு நல்ல வழி இருக்கிறது. டிமாண்ட் நோட்டுக்குப் பெரும் செல்வம் வேண்டும். அதே குடும்பத்தின் கடைசிப் பிள்ளைகளான 1963 வரிசை 2 டாலர், 5 டாலர் சிவப்பு முத்திரை நோட்டுகள் முகமதிப்பைவிடச் சற்றே கூடிய விலைக்குக் கிடைக்கின்றன. கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடிந்தால் 1917 வரிசை ஒரு டாலரைத் தேடுங்கள். பழைய பெரிய அளவு நோட்டு அது. வாங்கும்போது துவைத்து இஸ்திரி போட்ட நோட்டைத் தவிருங்கள். செதுக்குத் தட்டில் அச்சான நோட்டைத் தடவினால் மை மேடாகத் தட்டுப்படும். துவைத்ததில் அந்த மேடு அமுங்கிப்போயிருக்கும், தாளும் உயிரற்ற வெளுப்பாக இருக்கும். வீட்டில் கிடைக்கும் பழைய நோட்டையும் நீங்களாகச் சுத்தம் செய்யாதீர்கள். 1861 முதல் அமெரிக்க அரசு வெளியிட்ட நோட்டு ஒவ்வொன்றும் இன்றும் முகமதிப்புக்குச் செல்லுபடியாகும். அதற்கு மேல் கிடைக்கும் மதிப்பு முழுவதும் அந்தத் தாள் கெடாமல் இருப்பதைப் பொறுத்தது.