அஞ்சலட்டை முதல் இணையம் வரை

மன்னர்களின் வரலாற்றைப் போர்களைக் கொண்டு காலம் பிரித்து எழுதுவர் சரித்திர ஆசிரியர்கள். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வெளி மாநிலத்தில் குடியிருக்கும் நம்மனோர் இல்லங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தால், ஊரிலிருந்து செய்தி வந்து சேர்ந்த வழிகளைக் கொண்டே காலம் பிரித்தல் வேண்டும். அஞ்சல், தந்தி, தொலைபேசி, இணையம் என நான்கு காலங்களை நம் நாகபுரி இரயில்வே காலனி கண்டுள்ளது. இறுதியாக வந்த இணையம் நம் கூடத்தையும், அடுக்களையையும், பிள்ளைகள் படிக்கும் மூலையையும் மாற்றியதுபோல் முந்தைய மூன்றும் மாற்றவில்லை. அம்மாற்றம் வந்த வழி யாது, அதனால் நாம் பெற்றவை எவை, இழந்தவை எவை என்பதை இவ்வாண்டு விழா மலரில் சிறிது ஆராய்வோம்.

தாளும் மையும்

இந்தியாவில் அஞ்சலட்டை 1879ஆம் ஆண்டு காலணா விலையில் வெளிவந்தது. அடுத்த ஆண்டே, அதாவது 1880இல், மணியார்டர் முறை ஏற்பட்டது. மடித்து ஒட்டும் இன்லண்டு கடிதம் 1950இல் வந்தது. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்தது. வெளியூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைத் தாங்கி நின்ற தூண்கள் இவையே.

இரயில்வே காலனிக்கு மற்றவர்க்கில்லாத ஒரு வசதியும் இருந்தது. அஞ்சல் பெட்டியில் கடிதம் எடுக்கும் நேரம் தவறிவிட்டால், நேரே நிலையத்துக்கு ஓடி, தென்னாடு செல்லும் வண்டியில் இணைந்திருக்கும் ஆர்.எம்.எஸ். பெட்டியிலேயே கூடுதல் தலை ஒட்டிக் கடிதத்தைச் சேர்த்துவிடலாம். ஓடும் வண்டியிலேயே அஞ்சல் ஊழியர் அதனை ஊர்வாரியாகப் பிரித்து வைப்பர். சம்பளம் வாங்கிய மறுநாள் மணியார்டர் படிவத்தின் அடியில் இருந்த சிறு இடத்தில், "நலம். நலமறிய அவா" என்று எழுதுவது மாதக் கடமை.

ஊர்க் கடிதம் வந்தால் அதனை ஒருவர் உரக்கப் படிக்க, வீட்டார் அனைவரும் சூழ்ந்திருந்து கேட்பர். பதில் எழுதும்போது பெரியவர் எழுதியது போக, தாளின் அடியில் இரண்டங்குல இடம் எஞ்சும். அவ்விடம் பிள்ளைகளுக்கு உரியது. பள்ளியில் இந்தியும் மராத்தியும் படித்த நாம், "அன்புள்ள பாட்டிக்கு" என்று தொடங்கி நான்கு வரி எழுதுவதற்காகவே தமிழ் எழுத்துக் கற்றோம். ரகர றகரம் பிழைபட்டால், அடுத்த கடிதத்தில் பாட்டியின் திருத்தம் வந்து சேரும். பாடநூலும் தேர்வுமின்றி நடந்த தமிழ்ப் பள்ளி அது. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

தந்தி வந்த வீடு

இந்தியாவின் முதல் தந்திக் கம்பி 1850இல் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே சோதனையாக இழுக்கப்பட்டது. 1855இல் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஆகவே சொற்கள் சுருங்கின. திருமண வாழ்த்துக்கு எண் குறிப்பிட்டால் போதும். அந்த எண்ணுக்குரிய வாசகம் அச்சாகிப் போய்ச் சேரும். ஆயினும் நம் காலனியில் தந்திக்காரர் மிதிவண்டி மணியைக் கேட்டு மகிழ்ந்தவர் எவருமிலர். உறையைப் பிரிக்கும் முன்னரே பெண்கள் அழத் தொடங்கிவிடுவர்.

1988ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக்கு அத்தகைய தந்தி ஒன்று வந்தது. கும்பகோணத்துக்கு அருகில் எம் ஊரில் பாட்டி காலமாகிவிட்டார். தந்தி கைக்கு வந்தபோது மாலை ஆகிவிட்டது. அன்றைய தென்னாட்டு வண்டிகள் சென்றுவிட்டன. தந்தையார் மறுநாள் வண்டியேறி, அதற்கு மறுநாள் காலை சென்னை சேர்ந்து, எழும்பூர் சென்று மீட்டர் கேஜ் வண்டி பிடித்து, மூன்றாம் நாள் இரவு ஊர் போய்ச் சேர்ந்தார். சாம்பல் கரைத்தாகிவிட்டது. பெற்ற தாயின் முகத்தை அவர் காணவில்லை. அதுபற்றி எவர் மீதும் அவர் குறை கூறியதில்லை. "தூரத்துக்கு வந்தவன் கட்டும் வரி இது" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

தந்திச் சேவை 2013 ஜூலையில் நாட்டில் முடிவுற்றது.

மஞ்சள் பலகைக் கடைகள்

தொலைபேசியில் வெளியூருடன் பேச வேண்டுமானால் டிரங்கு காலுக்குப் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. இயக்குபவரின் துணையின்றி நேரே சுழற்றிப் பேசும் எஸ்.டி.டி. முறை 1960இல் கான்பூருக்கும் இலக்னோவுக்கும் இடையே முதன்முதல் வந்தது. 1984இல் நிறுவப்பட்ட சி-டாட் அமைப்பு இந்தியச் சூழலுக்கேற்ற மின்னணு இணைப்பகங்களை உருவாக்கிற்று. அதன்பின் நகரெங்கும் மஞ்சள் பலகை மாட்டிய பொதுத் தொலைபேசிக் கடைகள் தோன்றின.

இரவு முற்ற முற்றக் கட்டணம் குறையும். 11 மணிக்கு மேல் கால் பங்கு. ஆதலின் காலனிக் குடும்பங்கள் தூங்கும் குழந்தையைத் தோளிற் போட்டுக்கொண்டு நள்ளிரவை நெருங்கும் வேளையில் வரிசையில் நின்றன. கண் முழுவதும் ஓடும் சிவப்பு எண்கள் மீது. காது மட்டும் அம்மாவின் குரல் மீது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பைத் தில்லிக்குச் செய்தார். வரும் அழைப்புக்கும் கட்டணம் செலுத்திய நிலை 2003 மே மாதத்தில் மாறியது. அதன் பின்னரே கைப்பேசி நம் போன்றோர் வீட்டுப் பொருளாயிற்று.

இணையம் நுழைந்த கதை

கைப்பேசி வந்த அதே 1995இல், ஆகஸ்டு 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. தனி மனிதருக்கு 250 மணி நேரத்துக்குக் கட்டணம் 5,000 ரூபாய்; வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். அக்கட்டணம் குமாஸ்தா வீட்டுக்குரியது அன்று. நமக்கு இணையம் முதலில் கண்ணிற்பட்டது சீதாபர்டிக் கடைவீதியின் பிரவுசிங் சென்டர்களில்தான். பிள்ளைகளின் தேர்வு முடிவைக் காண, மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து, நாற்காலிக்குப் பின்னால் குடும்பமே நின்றது.

2004இல் அகன்ற அலைவரிசைக் கொள்கையை அரசு வெளியிட்டது. நொடிக்கு 256 கிலோபிட் வேகமே அன்று அகன்ற அலைவரிசை எனப்பட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் நான்காம் தலைமுறைச் சேவையைத் தொடங்கியபின் கட்டணங்கள் சரிந்தன. இணையம் ஏழை எளியோர் கைக்கும் வந்தது. 2022 அக்டோபரில் ஐந்தாம் தலைமுறைச் சேவையும் தொடங்கியது.

தமிழும் பின்தங்கி நிற்கவில்லை. தொடக்கத்தில் ஒருவர் அனுப்பிய தமிழ் எழுத்து மற்றவர் கணினியில் வெறுங் கட்டங்களாகத் தெரிந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஒருங்குறி பரவியபின் அக்குறை பெரிதும் தீர்ந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றியது. 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகிறது.

நம் துறையிலும் மாற்றம் பெரிது. ஒரு காலத்தில் முன்பதிவு என்பது தடித்த பதிவேட்டில் கையால் எழுதும் வேலை. திரும்பும் பயணத்துக்கு இடம் கேட்டுத் தந்தியடித்து, விடை வருமோ என்று காத்திருக்க வேண்டும். 1985-86இல் புது தில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது; 1999இல் மண்டலக் கணினிகள் ஒன்றாக இணைக்கப்பட்டன; 2002 ஆகஸ்டில் இணைய வழிச் சீட்டு வந்தது. கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல முதல் நாள் இரவே முகப்பின் முன் துண்டு விரித்துப் படுத்த காட்சி இன்று அரிது. விரலசைவில் இடம் தீர்ந்துவிடுவதைக் கண்டு பெருமூச்செறிவது மட்டும் மாறவில்லை.

வீட்டில் நேர்ந்த மாற்றம்

1880 முதல் நாம் அறிந்திருந்த மணியார்டரின் இடத்தை 2016 ஏப்ரலில் தொடங்கிய யு.பி.ஐ. முறை பிடித்துக்கொண்டது. ஊரிலுள்ள பெற்றோர்க்குப் பணம் நொடியில் சேர்கிறது. 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் முறையால், ஓய்வூதியம் பெறும் முதியோர் வீட்டிலிருந்தபடியே உயிர்ச்சான்று அளிக்கின்றனர். வண்டியேறி மறுநாள் வந்த சென்னை நாளிதழை இன்று விடியுமுன் படிக்கிறோம். மருமகள் சாம்பார்ப் பொடி அரைக்கும்போது மாமியார் ஊரிலிருந்தே பார்த்து, "மிளகாய் இன்னும் வறுபட வேண்டும்" என்கிறார். 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் பாடம் கேட்ட வீடுகளும் நம் காலனியில் உண்டு. அதேசமயம், ஒரே கூடத்தில் நால்வர் அமர்ந்து நான்கு திரைகளைப் பார்க்கும் மௌனமும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது.

2020 மார்ச் 22 நள்ளிரவு முதல் நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நிறுத்தப்பட்டன. ஏப்ரலில் ஊரில் எம் தாயார் காலமானார். செய்தி அக்கணமே வந்தது. தமக்கை மகன் கைப்பேசியை உயர்த்திப் பிடிக்க, நாம் இங்கே குவார்ட்டர்ஸ் கூடத்தில் அமர்ந்து அனைத்தையும் கண்டோம். தமையனார் கொள்ளிக்குடம் எடுத்ததையும் கண்டோம். அன்று பிற்பகல் அலுவலகம் சென்றோம்; சரக்கு வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன அல்லவா? தானியம் ஏற்றிய வாகன்களுக்குத் தென்னாட்டு நிலையங்களின் பெயரைப் பதிவு செய்தோம். அவை சென்றன, நாம் செல்ல இயலவில்லை. தந்தையார்க்குத் தந்தி தாமதமாக வந்தது. ஆயினும் ஏறிச் செல்ல வண்டி இருந்தது. நமக்குச் செய்தி உடனே வந்தது; வண்டி இல்லை. எனினும் அவர் காணாத முகத்தை நாம் கண்டோம். அதற்காக இணையத்துக்கு என்றும் நன்றியுடையோம்.

தகரப் பெட்டி

அவ்வாண்டின் இறுதியில் ஊர் சென்றபோது தாயாரின் தகரப் பெட்டியைத் திறந்தோம். அடியில், நூலால் கட்டிய இன்லண்டு கடிதங்கள் இருந்தன. மணியார்டர்த் துண்டுகளும் இருந்தன. எம் பாட்டிக்குப் பின் அவற்றைத் தாயார் காத்து வைத்திருக்கிறார். சிறுவராய் நாம் எழுதிய நான்கு வரிகளும், பிழைபட்ட றகரமும் மங்காதிருந்தன. பின்னாளில் தாயாருடன் பல்லாண்டு நாள்தோறும் கைப்பேசியில் பேசினோமே, அப்பேச்சில் ஒரு சொல்கூட அப்பெட்டியில் இல்லை.

உடன் நின்ற எம் மகள் ஒரு கடிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை நீங்களே படித்துச் சொல்லுங்கள்" என்றாள். பாட்டியுடன் அன்றாடம் தமிழில் பேசிய பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராது என்பதை அன்றுதான் உணர்ந்தோம். முகம் பார்த்துப் பேச முடிந்தபின் எழுத வேண்டிய தேவை அவளுக்கு எங்கே? பழி பிள்ளை மீதன்று, இணையத்தின் மீதுமன்று. கடிதம் நின்றபோது அதனோடு ஒரு பள்ளியும் நின்றுவிட்டதை நாம் கவனியாதிருந்தோம்.

நாகபுரி திரும்பியதும் அவளை நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற் சேர்த்தோம். மற்ற நாள்களில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களைக் கைப்பேசியிலேயே கற்றாள். எழுத்தை மறக்கச் செய்த கருவியே எழுத்தைக் கற்பிக்கவும் வல்லது. கருவியைப் பிடித்திருப்பது எவர் கை என்பதைப் பொறுத்தது அது. அடுத்த ஆண்டு பொங்கலுக்குத் தன் பெரியப்பாவுக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினாள். அதில் பிழை ஆறு. பெரியப்பா கைப்பேசியில் அழைத்து, ஆறையும் எடுத்துச் சொன்னார்.

காலனியில் வாழும் தமிழ்க் குடும்பத்தார்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. நாள்தோறும் திரையில் ஊராரின் முகம் காணுங்கள். அப்பேற்றை நம் முன்னோர் பெறவில்லை. ஆனால் மாதம் ஒருமுறையேனும் பிள்ளைகள் கையால் ஊருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதச் செய்யுங்கள். அஞ்சலகத்தில் அது இன்றும் கிடைக்கிறது. பின்னொரு நாள் எவரோ ஒரு பெட்டியைத் திறக்கும்போது, எடுத்துப் படிக்க அதில் ஏதேனும் இருக்கட்டும். படிக்கத் தெரிந்தவரும் அருகில் இருக்கட்டும்.