தலைக்கோலும் தாமரையும்: இயக்குநர் கே. பாலசந்தர் பெற்ற சிறப்புகள்

ஆடலிலும் பாடலிலும் நாடகத்திலும் வல்லார்க்குச் சிறப்புச் செய்யும் வழக்கம் தமிழகத்தில் நேற்றுத் தோன்றியதன்று. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையைக் கற்றோர் இதனை நன்கறிவர். ஐந்தாம் அகவையில் ஆடல் பயிலத் தொடங்கி 7 ஆண்டு பயின்ற மாதவி, 12-ஆம் அகவையில் சோழ மன்னன் முன் அரங்கேறினாள். அரசனது பச்சை மாலையும், தலைக்கோலி என்னும் பட்டமும், 1008 கழஞ்சு பொன்னும் பெற்றாள். இது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. ஆயின், பலரும் கருதாது விடுவதொன்று அக்காதையில் உண்டு. பரிசினைக் கூறுமுன்னரே இளங்கோவடிகள், ஆடலாசான், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்னும் அறுவரது இலக்கணத்தையும் முறையே விரித்துரைக்கின்றார். பொன் பெற்றவள் ஒருத்தி. அவள் பின்னே நின்றோர் அறுவர். அரசன் கையாற் பெறாத சிறப்பினை அவ்வறுவரும் புலவர் நூலிற் பெற்றனர்.

இக்கருத்தினை உளங்கொண்டு, நாடக மேடையினின்று திரைக்கு வந்து, மயிலாப்பூரில் நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த இயக்குநர் திரு. கே. பாலசந்தர் அவர்கள் பெற்ற சிறப்புகளின் வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றேன். திரைப்படச் செய்தி நம் சங்கத்துத் திங்களிதழுக்கு ஏற்குமோ என ஐயுறும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். முத்தமிழுள் நாடகமும் ஒன்றென உடன்பட்டோர்க்கு அவ்வையம் எழாது.

திரு. பாலசந்தர் 1930-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள், தஞ்சை மாவட்டத்து நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியிற் பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்று பட்டம் பெற்றார். 1949-இல் முத்துப்பேட்டையிற் பள்ளி ஆசிரியராக அமர்ந்து ஓராண்டு பணியாற்றினார் என்பது ஆசிரியத் தொழிலினராகிய எம்மனோர்க்கு உவகை தருஞ் செய்தி. அடுத்த ஆண்டு சென்னையிற் கணக்காயர் அலுவலகத்தில் எழுத்தரானார். பகலெல்லாம் கணக்கேடு, மாலையில் நாடகம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபைகள் பெருகிய காலம் அது. அலுவலகத்தினின்று வீடு திரும்பும் எழுத்தரும் ஆசிரியருமே அந்நாடகங்களைக் கண்டு சுவைத்தனர். மேஜர் சந்திரகாந்த், சர்வர் சுந்தரம் முதலிய அவர்தம் நாடகங்கள் அவரைத் திரையுலகிற்கு அழைத்துச் சென்றன. 1964-இல் தெய்வத்தாய் என்னும் படத்திற்கு உரையாடல் எழுதினார். 1965-இல் நீர்க்குமிழி என்னும் படத்தைத் தாமே முதன்முதலாக இயக்கினார்.

இனி அவர் பெற்ற விருதுகளைக் காண்போம். நடுவண் அரசினர் திரைப்படங்களுக்கு விருது வழங்குதல் 1954-ஆம் ஆண்டிற் றொடங்கிற்று. பிற்காலத்தே அவ்விருதுகள் பொற்றாமரை, வெள்ளித்தாமரை எனப் பெயர் பெற்றன. 1969-க்குரிய சிறந்த தமிழ்ப்படம் என இரு கோடுகளும், 1975-க்கு அபூர்வ ராகங்களும், 1981-க்குத் தண்ணீர் தண்ணீரும், 1984-க்கு அச்சமில்லை அச்சமில்லையும் தேர்ந்தெடுக்கப்பெற்றன. கோமல் சுவாமிநாதன் இயற்றிய நாடகத்தைத் திரைக்கேற்ப வகுத்தமைத்த தண்ணீர் தண்ணீர், சிறந்த திரைக்கதைக்குரிய தேசிய விருதினையும் அவர்க்கு ஈட்டித் தந்தது. குடிநீருக்கு ஏங்கும் ஒரு சிற்றூரின் துயரே அப்படத்தின் பொருள். 1988-இல் தெலுங்கில் அவர் இயக்கிய ருத்ரவீணை, நாட்டு ஒருமைப்பாட்டுக்குரிய நர்கீஸ் தத் விருதினைப் பெற்றது. 1990-க்குரிய ஒரு வீடு இரு வாசல், சமூகச் சிக்கல் பற்றிய சிறந்த படமெனப் பாராட்டப்பெற்றது. ஏக் துஜே கே லியே என்னும் இந்திப் படத்தின் திரைக்கதைக்கு பிலிம்பேர் விருதும் எய்திற்று.

படங்களுக்கென வந்தவை இவை. அவர்தம் வாழ்நாட்பணி முழுமைக்குமென வந்தவை வேறு. 1987-இல் பத்மஸ்ரீ வழங்கப்பெற்றது. மாநில அரசு கலைமாமணி என்று போற்றிற்று. இந்தியத் திரைத்துறையின் தலையாய சிறப்பாகிய தாதாசாகேப் பால்கே விருது, 2010-க்குரியதாக, 2011-இல் அவர் கையை அடைந்தது. அப்போது அவர் அகவை எண்பதைக் கடந்திருந்தார். மக்களோ அதற்குப் பன்னாள் முன்னரே இயக்குநர் சிகரம் என்று பெயர் சூட்டி மகிழ்ந்தனர்.

இத்துணைச் சிறப்புகளுள்ளும் ஒன்று இல்லாமை நோக்கத்தக்கது. சிறந்த இயக்குநர் என்னும் தேசிய விருது அவர்க்கு ஒருகாலும் வந்திலது. தமிழ்ப்படத்திற்காக அவ்விருதினை முதன்முதற் பெற்றவர் காதல் கோட்டையை இயக்கிய அகத்தியன், அது 1996-க்குரியது. இஃது ஒரு குறையன்றோ எனின், குறையே. ஆயினும் அக்குறையை நிறைக்கும் வேறொரு கணக்கு உண்டு. அதனையே இக்கட்டுரையிற் சிறப்பாக எடுத்துக்காட்ட விழைகின்றேன்.

அபூர்வ ராகங்களிற் பாடிய வாணி ஜெயராம் சிறந்த பாடகியெனவும், அதனை ஒளிப்பதிவு செய்த பி. எஸ். லோகநாத் சிறந்த ஒளிப்பதிவாளரெனவும் தேசிய விருது பெற்றனர். ஏக் துஜே கே லியே படத்திற் பாடியமைக்கு எஸ். பி. பாலசுப்பிரமணியம் சிறந்த பாடகரானார். 1985-இல் வெளிவந்த சிந்து பைரவிக்கோ மூன்று விருதுகள்: நடித்த சுகாசினிக்கு ஒன்று, பாடிய சித்ராவுக்கு ஒன்று, இசையமைத்த இளையராசாவுக்கு ஒன்று. ருத்ரவீணை மீண்டும் இளையராசாவுக்கும் பாலசுப்பிரமணியத்துக்கும் விருது பெற்றுத் தந்தது. இந்நான்கு படங்களால் மட்டும் பிறர் பெற்ற தேசிய விருதுகள் 8. சிறந்த படம் எனும் விருதில் இயக்குநர்க்கும் பங்குண்டு. எனினும் அவர்தம் தனித்திறத்துக்கென வந்தது திரைக்கதை விருது ஒன்றே. சிந்து பைரவி இசையையே உயிராகக் கொண்ட படம். அதன் கதையை வகுத்து, பாத்திரங்களைப் படைத்து, பாட்டு எழவேண்டிய இடத்தை அமைத்தவர் இயக்குநர். விருது பெறுவோர் மேடையேறிய காலத்து, அவர் அரங்கேற்று காதையின் ஆசானைப்போலப் பின்னே நின்றார்.

இரு கோடுகள் என்னும் படத்தின் பெயர்க்காரணத்தை நேயர் அறிவர். ஒரு கோட்டினைத் தொடாமலே சிறிதாக்க வேண்டின், அதன் அருகே அதனினும் நெடியதொரு கோட்டினை வரைதல் வேண்டும். அவர் பெற்ற விருதுகளை ஒரு கோடாகக் கொண்டால், அவரால் உயர்ந்த மக்கள் அதனருகே வரைந்த நெடிய கோடாவர். இரயில்வேயில் எழுத்தராயிருந்த நாகேஷ் அவர்தம் நாடகத்தாற் பெரும்புகழ் எய்தினார். குழந்தை நடிகராகத் திரைக்கு வந்திருந்த கமலகாசனுக்கு 1973-இல் அரங்கேற்றம் என்னும் படத்தில் இளைஞர் வேடம் தந்தார். பெங்களூரிற் பேருந்து நடத்துநராயிருந்த ஒருவர்க்கு 1975-இல் ரஜினிகாந்த் என்று பெயரிட்டு அபூர்வ ராகங்களில் அறிமுகம் செய்தார். இவர்களுள் ஒருவரையும் எம்மொழியினர், எக்குலத்தினர் என்று வினவி அவர் ஏற்றுக்கொண்டிலர். திறன் உண்டா என்பதே அவர் நோக்கிய நோக்கு.

திரு. பாலசந்தர் 2014-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 23-ஆம் நாள் இயற்கை எய்தினார். ஏழாண்டு கழிந்தபின், 2021-இல் ரஜினிகாந்த் தாதாசாகேப் பால்கே விருது பெற்றார். தில்லி மேடையில் அதனைத் தம் குருவாகிய பாலசந்தர்க்கும், தமையனார்க்கும், தம்முடன் பேருந்திற் பணிபுரிந்த நண்பர்க்கும் உரிமையாக்கினார். இளங்கோவடிகள் நூலிற் செய்ததை அம்மாணவர் மேடையிற் செய்தார். ஆசிரியர் ஒருவர் மறைந்தபின்னும் பெறக்கூடிய விருது இஃது ஒன்றே. இதனை வழங்க எந்த அரசாலும் இயலாது.

இனி, நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். புறநானூற்றிற் பெருஞ்சித்திரனார், தம்மைக் காணாமலே அதியமான் விடுத்த பரிசிலை ஏற்க மறுத்த வரலாறு உண்டு. பெருமை பொருளின் அளவில் இல்லை. கொடுப்போன் புலவனைக் கண்டு, அவன் கல்வியின் அளவறிந்து கொடுத்தலிலேயே உள்ளது என்பது அவர் கருத்து. நாமும் ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம், பொன்னாடை போர்த்துகின்றோம். போர்த்தப்பெறும் அன்பரின் நூலைப் படித்தோமா, பணியைக் கண்டோமா? அவர் முதுமையுற்று நாற்காலியிற் றாங்கி அழைத்துவரப்படுமளவும் காத்திருப்பது முறையாமோ? நம்மவர் என்னும் ஒன்றே சிறப்புக்குப் போதிய தகுதியாமோ? மதிப்பெண் மிகுதியாகப் பெற்ற மாணவர்க்குப் பரிசளிக்கும்போது, அவர்க்கு எழுத்தறிவித்த ஆசிரியர் எக்குலத்தவராயினும் அவரையும் அருகழைத்து நிறுத்தினாலென்ன? இதற்குச் செலவு யாதுமில்லை. ஒரு நாற்காலி கூடுதலாக இட்டாற் போதும்.

வரும் ஆண்டு விழாவில் இவ்வொரு வழக்கத்தையேனும் தொடங்குமாறு சங்கத்துப் பெரியோர்களை வணங்கி வேண்டுகின்றேன்.