ரோஸ்மேரி வரட்டும், ரம்பை இருக்கட்டும்



கொஞ்ச நாட்களாக எமது ஊரில் ரோஸ்மேரி பற்றிய பேச்சு அதிகம். முடி வளர ரோஸ்மேரித் தண்ணீர், கோழி ரோஸ்ட்டுக்கு ரோஸ்மேரி இலை, முற்றத்தில் வைக்க ரோஸ்மேரிக் கன்று. மடவளையில் அது வளருமா என்று பலரும் கேட்கிறார்கள். வளரும். எப்படி வளர்ப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறோம். அதற்கு முன் ஒரு விடயம். அந்தக் கன்றை நாம் எந்த வளவில் வைக்கப் போகிறோமோ, அந்த வளவுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது எமது சமூகத்தின் வரலாறும் கூட.

முதலில் ரோஸ்மேரியின் சொந்த ஊரைப் பார்ப்போம். ஸ்பெயின், மொரோக்கோ, அல்ஜீரியா என்று மத்திய தரைக்கடலைச் சுற்றியுள்ள வறண்ட மலைச்சரிவுகள்தான் அதன் பிறப்பிடம். துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாம் இதன் குடும்பத்துச் செடிகள். அரபியில் இதை 'இக்லீலுல் ஜபல்' என்பார்கள். மலையின் கிரீடம் என்று பொருள். ஒரு காலத்தில் முஸ்லிம்கள் ஆண்ட அந்தலூஸ் தேசத்தின் மலைகளிலும் இது தானாகவே வளர்ந்தது. அதே தேசத்தின் மலகா நகரில் பிறந்தவர்தான் மூலிகை அறிஞர் இப்னுல் பைத்தார். 1248இல் டமஸ்கஸில் வபாத்தானார். மருந்துகளும் உணவுகளுமாகச் சுமார் 1400 பொருட்களைப் பற்றி அகர வரிசையில் நூல் எழுதியவர். ஆகவே ஆங்கிலப் பெயரோடு வந்திருக்கும் இந்தச் செடி, முஸ்லிம்களுக்குப் பழக்கமான மண்ணிலிருந்துதான் வருகிறது.

இனி எமது மலைகளுக்கு வருவோம். எமது குசினியில் இருக்கும் வாசனைப் பொருட்களில் கறுவா இந்த மண்ணுக்கே உரியது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளம் கரையில் கறுவா மரக்கட்டைகள் குவிந்து கிடந்ததையும், மலபார், சோழமண்டலக் கரை வியாபாரிகள் அவற்றை ஏற்றிச் சென்றதையும் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கட்டைகளை மலையிலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்ததாம். மலை நாட்டின் வாசனை கரைக்குப் போய்ச் சேர்ந்த கதை அவ்வளவு பழையது.

அந்த வாசனையைத் தோளிலும் மாட்டின் முதுகிலும் சுமந்தவர்களில் எமது முன்னோர் இருந்தார்கள். 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தார். கண்டி இராச்சியத்தில் பொதி மாடுகள் மூலம் பொருட்களை ஏற்றி இறக்கும் பணிக்கு 'மடிகே பத்த' என்றொரு பிரிவு இருந்தது. அதில் முஸ்லிம்கள் முக்கிய பங்கு வகித்தார்கள். 'தவளம்' என்ற அந்த மாட்டுக் கூட்டங்கள் மலையிலிருந்து பாக்கு, மிளகு போன்றவற்றைக் கீழே கொண்டு போயின. கரையிலிருந்து உப்பும் கருவாடும் புடவையும் மேலே வந்தன. பிறகு தெருக்கள் வெட்டப்பட்டன. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. தவளத்தின் காலம் முடிந்தது. ஆனால் வியாபாரம் நிற்கவில்லை. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் தொழில் எமது பகுதியில் இன்றும் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எமது தோட்டத்தில் இருப்பதெல்லாம் இந்த மண்ணில் பிறந்தவை அல்ல. கொச்சிக்காய் அமெரிக்காவில் பிறந்தது. போர்த்துக்கேயர் வழியாக ஆசியாவுக்கு வந்தது. அதற்கு முன்பு எமது கறியின் உறைப்பு மிளகிலிருந்துதான் வந்தது. கராம்பும் சாதிக்காயும் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளைச் சேர்ந்தவை. சாதிக்காயைத் தமது கைக்குள் வைத்திருப்பதற்காக ஒல்லாந்தர் 1621இல் பந்தாத் தீவு மக்களைக் கொன்று குவித்தார்கள். வேறு எங்கும் மரம் முளைக்கக் கூடாது என்று காவல் காத்தார்கள். 1770ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுக்காரர் பியேர் புவாவ்ரின் முயற்சியால் கன்றுகள் மொரீசியசுக்குக் கடத்தப்பட்டன. அதன் பிறகுதான் அந்தக் காவல் உடைந்தது. எமது மலைகளில் இம்மரங்கள் பரவலாக நடப்பட்டது ஆங்கிலேயர் காலத்தில். 1821இல் பேராதனைப் பூங்கா தொடங்கப்பட்டதும் வெளிநாட்டுப் பயிர்கள் பல இங்கே பரவின.

கோப்பிக்கும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பி என்றால் வெள்ளைக்காரனின் தோட்டம்தான் நினைவுக்கு வரும். ஆனால் கண்டிக் கிராமத்து மக்களும் தமது வீட்டு வளவுகளில் கோப்பி வளர்த்தார்கள். ஊர் ஊராகப் போய் அதை வாங்கிச் சேர்த்தவர்களில் முஸ்லிம் வியாபாரிகள் பலர். 1869இல் இலை நோய் வந்தது. அடுத்த இருபது வருடங்களுக்குள் பெருந்தோட்டக் கோப்பி அழிந்து, தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் வளவுக்காரன் ஒரு பயிரை மட்டும் நம்பியிருக்கவில்லை. கோப்பி போனாலும் பலா இருந்தது, கமுகு இருந்தது, மிளகு இருந்தது.

இதுதான் கண்டி வீட்டுத் தோட்டத்தின் பலம். இன்று உலகெங்கும் விவசாய அறிஞர்கள் இதைப் பற்றி ஆய்வு செய்கிறார்கள். மேல் தட்டில் தென்னை, பலா, கமுகு, கித்துள். நடுத்தட்டில் கராம்பு, சாதிக்காய், கோப்பி. கிளிசிரீடியா மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. நிலத்தோடு இஞ்சி, மஞ்சள், கிழங்கு. குசினிக் கதவுக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை, சேரை, ரம்பை. பார்ப்பவருக்குக் காடு மாதிரித் தெரியும். வீட்டுக்காரிக்கு எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும்.

இவற்றுள் ரம்பை மற்றவற்றிலிருந்து வேறுபட்டது. கறிவேப்பிலைப் பழத்தைக் குருவி தின்று விதையை எங்காவது போடும், கன்று முளைக்கும். ரம்பைக்கு அது இல்லை. சாதாரணமாக அது பூப்பதே இல்லை. காய்ப்பதும் இல்லை, விதையும் இல்லை. காட்டில் தானாக வளரும் ரம்பையும் இல்லை. அடியில் வரும் குட்டியைப் பிடுங்கி இன்னொருவர் நட்டால் மட்டுமே அது பெருகும். அதாவது எமது வளவில் நிற்கும் ஒவ்வொரு ரம்பைப் புதரும் யாரோ ஒருவர் கையால் கொடுத்தது. அவருக்கு இன்னொருவர் கொடுத்தது. கலியாணம் முடித்து வந்த மருமகளோடு வந்திருக்கலாம். பக்கத்து வீட்டு சிங்களச் சகோதரி வேலிக்கு மேலால் நீட்டியிருக்கலாம். அவர்கள் வீட்டிலும் அதன் பெயர் ரம்பைதான். 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றுப்புறத்திலும் நடந்ததை அனுபவித்தவர்கள் நாம். வேலிக்கு மேலால் கைமாறும் ஒரு குட்டியின் பெறுமதி எமக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

அதன் வாசனைக்கும் ஒரு காரணம் உண்டு. பாஸ்மதி அரிசியில் மணக்கும் அதே இரசாயனப் பொருள்தான் ரம்பையிலும் இருக்கிறது. அதனால்தான் சாதாரண சம்பா அரிசியில் இரண்டு துண்டு ரம்பை போட்டால் சோறு விருந்துச் சோறாக மாறிவிடுகிறது. நோன்புக் கஞ்சி, நெய்ச்சோறு, இறைச்சிக் கறி என்று எதை எடுத்தாலும் எமது குசினியின் வாசனை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.

இன்று நிலைமை என்ன? வாப்பாவின் காணி நான்கு பிள்ளைகளுக்குப் பங்கு பிரிகிறது. நான்கு வீடுகள் எழும்புகின்றன. மிச்சமிருக்கும் இடத்துக்குக் கொங்கிரீட் போடுகிறோம், அல்லது கல் பதிக்கிறோம். முதலில் போவது குசினிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஈர மூலைதான். பிறகு ரம்பையையும் கறிவேப்பிலையையும் கட்டுக் கட்டாகக் கடையில் வாங்குகிறோம். கராம்பு என்பது ஒரு பூமொட்டு என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியை மறந்திருக்க மாட்டோம். அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டில் பயிர் செய்யுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. லீவு கிடைத்தது, ஆனால் பலருக்கு மண் இருக்கவில்லை.

ஆகவே ரோஸ்மேரி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொச்சிக்காயும் கராம்பும் வந்த வழியில் அதுவும் வரட்டும். அவை வந்தபோது எமது முன்னோர் இருந்ததைப் பிடுங்கிவிட்டு நடவில்லை. இருந்ததோடு சேர்த்துத்தான் நட்டார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் நாம் விட்டுவிடக் கூடாது.

சரி, ரோஸ்மேரி வளர்க்கும் முறை. எமது ஊரில் அதற்கு எதிரி குளிரும் இல்லை, வெயிலும் இல்லை. ஈரம்தான். வேர் தண்ணீரில் நின்றால் அழுகிவிடும். எனவே நிலத்தில் நடாமல் அடியில் துளையுள்ள மண் சாடியில் வையுங்கள். பாதிக்குப் பாதி பருமணல் கலந்து, கொஞ்சம் கூட்டெரு போடுங்கள். நல்ல வெயில் படும், ஆனால் பெருமழை நேராக விழாத கூரை ஓரம் நல்லது. மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர் ஊற்ற வேண்டும். விதை முளைப்பது கஷ்டம். நான்கைந்து அங்குலத் தண்டை வெட்டி, கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, ஈர மணலில் குத்தி வைத்தால் ஒன்றிரண்டு மாதங்களில் வேர் விடும்.

சமையலுக்குக் கொஞ்சம் போதும். கோழி, மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை உள்ளியோடு வாட்டும்போது ஒரு சிறு கொத்துப் போடலாம். கூடினால் கசக்கும். முடி விடயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். 2015இல் வெளியான ஓர் ஈரான் ஆய்வில், முடி உதிர்ந்த 100 பேரில் ரோஸ்மேரி எண்ணெய் பூசியவர்களுக்கு 6 மாதத்தில் மினொக்சிடில் 2% மருந்து பூசியவர்களைப் போன்ற பலன் கிடைத்தது. ஆனால் அது சிறிய ஆய்வு. பயன்படுத்தியது எண்ணெய், நாம் வீட்டில் அவிக்கும் தண்ணீர் அல்ல. கர்ப்பிணித் தாய்மார் மருந்தாக அதிகம் உட்கொள்ளாமல் இருப்பதே நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்குச் சதக்கா என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தது. ரோஸ்மேரிக்கு ஒரு சாடி வாங்கும் அன்றைக்கே, ரம்பைக்கு ஒரு சாடியும் சேர்த்து வாங்குங்கள். காணி இல்லாத வீட்டிலும் அது சாடியில் வளரும். இருப்பவர்கள் இல்லாதவர்களுக்கு ஒரு குட்டி கொடுங்கள். உங்கள் வீட்டு ரம்பை யாரிடமிருந்து வந்தது என்று உம்மாவிடமோ உம்மும்மாவிடமோ கேட்டு, கீழே ஒரு வரி எழுதுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத எமது ஊர் வரலாறு அது. சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்போம்.

வஸ்ஸலாம்.