மூச்சின் கணக்கு

ஆண்டுதோறும் பிப்ரவரி இறுதியில், பாகிஸ்தானின் தலைநகரான இஸ்லாமாபாத்தில், வெயில் மழைச் செய்திகளோடு இன்னோர் எண்ணும் மக்களின் பேச்சில் புழங்கத் தொடங்குகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மகரந்தத் துகள்கள் மிதக்கின்றன என்பதைச் சொல்லும் எண் அது. பிரிட்டனில் புல் மகரந்தம் 50ஐத் தொட்டாலே 'மிகுதி' என்று எச்சரிப்பார்கள். இஸ்லாமாபாத்தின் மார்ச் மாத உச்சத்தில் இந்த எண் 40,000ஐத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. புல்லையும் மரத்தையும் ஒரே தராசில் நிறுப்பது முற்றிலும் பொருந்தாது. ஆயினும் அந்த நகரத்து மக்கள் எத்தகைய காற்றைச் சுவாசிக்கிறார்கள் என்பதை உணர இவ்வொப்பீடு உதவும்.

இந்த எண்ணுக்குப் பின்னால் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. மகரந்தத்தை எண்ணக் கற்றுக்கொண்ட வரலாறு ஒன்று. எண்ணியே ஆகவேண்டிய நிலை ஒரு நகரத்துக்கு வந்து சேர்ந்த வரலாறு மற்றொன்று.

முதலாவது இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1819இல் ஜான் பாஸ்டாக் என்னும் மருத்துவர், கோடைதோறும் தம்மை வாட்டிய கண்ணெரிச்சலையும் தும்மலையும் மூச்சுத் திணறலையும் ஒரு நோயாளியின் வரலாறாக எழுதி மருத்துவச் சங்கத்தில் வாசித்தார். நோயாளி அவரேதான். 1828இல் மேலும் சிலரைப் பற்றி எழுதியபோது, ஏழைகளிடையே ஐயத்துக்கிடமின்றி இந்நோய் கண்ட ஒருவரையும் தாம் அறியவில்லை என்று குறிப்பிட்டார். இக்குறிப்பை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

நோயின் காரணத்தைக் கண்டவர் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. அவரும் இந்நோயால் துன்புற்றவரே. மகரந்தத்தைத் தம் மூக்கிலேயே இட்டுச் சோதித்தார். பசைத்தன்மையுள்ள திரவம் பூசிய கண்ணாடித் தகடுகளைத் திறந்த வெளியில் வைத்து, அவற்றில் ஒட்டிய துகள்களை நாள்தோறும் நுண்ணோக்கியில் எண்ணினார். உயரத்தில் காற்று எப்படி இருக்கிறது என்றறியத் தகடுகளைப் பட்டத்தில் கட்டியும் பறக்கவிட்டார். 1873இல் அவருடைய நூல் வெளிவந்தது. 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னாவின் கிளமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கியது 1906இல்தான். சொல் பிறக்கும் முன்பே கணக்கு பிறந்துவிட்டது எனலாம்.

1952இல் ஹர்ஸ்ட் என்னும் ஆய்வாளர் காற்றை உறிஞ்சும் பொறியொன்றை வடிவமைத்தார். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் காற்றை அது இழுக்கும். ஓய்வாக இருக்கும் மனிதன் மூச்சில் இழுக்கும் அளவும் ஏறத்தாழ அவ்வளவே. உள்ளே மெல்ல நகரும் பசைத்தகட்டில் துகள்கள் மணிவாரியாகப் படியும். இன்றும் உலகின் பல நகரங்களில் மகரந்தக் கணக்கு இக்கருவியின் வழிவந்தவற்றைக் கொண்டே எடுக்கப்படுகிறது.

இனி இரண்டாவது வரலாறு. கராச்சிக்கு மாற்றாகப் புதிய தலைநகர் அமைக்க அயூப் கான் அரசு முடிவெடுத்தபோது, மார்கல்லா குன்றுகளின் அடிவாரத்தில், போத்தோஹார் மேட்டுநிலத்தில் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கிரேக்கக் கட்டடக் கலைஞர் டாக்ஸியாடிஸ் திட்டம் வகுத்தார். சதுரம் சதுரமாகச் செக்டர்கள், அவற்றிடையே பசுமைப் பட்டைகள் என்று 1960களில் நகரம் எழுந்தது. புதிய நகரத்துக்கு விரைவில் நிழல் வேண்டும். அதற்கு வாய்த்த மரங்களுள் ஒன்று காகித மல்பெரி. ஜங்லி தூத், அதாவது காட்டு முசுக்கொட்டை, என்று உள்ளூரார் அதை அழைப்பர். கிழக்காசியாவிலிருந்து வந்த இம்மரத்தின் பட்டை நாரில்தான் ஜப்பானியர் தம் கைவினைக் காகிதத்தைச் செய்தனர். பசிபிக் தீவினர் உடைகள் செய்தனர். விரைந்து வளரும், அதிகக் கவனிப்புக் கேட்காது, வெட்டினாலும் தழைக்கும். திட்டமிடுவோர் ஒரு மரத்திடம் எதிர்பார்க்கும் எல்லா நற்குணங்களும் அதனிடம் இருந்தன.

அந்த நற்குணங்களே பின்னர் வினையாயின. இம்மரத்தில் ஆண் வேறு, பெண் வேறு. வசந்தத்தில் ஆண் மரத்தின் மொட்டுக்குள் மடங்கியிருக்கும் மகரந்தத் தாள்கள் விசையோடு விரிந்து துகளைக் காற்றில் எறிகின்றன. பெண் மரத்தின் பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை ஓடைக்கரைகளுக்கும் குன்றுகளுக்கும் கொண்டுசெல்கின்றன. வெட்டிய இடத்தில் வேரிலிருந்து புதுக் கன்றுகள் கிளம்புகின்றன. நட்டவர்கள் நிழலைக் கணக்கிட்டார்கள். மகரந்தம் அவர்கள் கணக்கில் இல்லை.

இன்று பாகிஸ்தான் வானிலை ஆய்வுத் துறை நகரின் வெவ்வேறு செக்டர்களில் கருவிகளை நிறுவி, பருவத்தில் நாள்தோறும் மகரந்த அளவை வெளியிடுகிறது. புல், பைன், யூகலிப்டஸ், கஞ்சா எனப் பல செடிகொடிகளின் துகள்கள் எண்ணப்பட்டாலும் பெரும்பகுதி காகித மல்பெரிக்கு உரியதே. முன்கணிப்பின் தர்க்கம் எளிது. குளிர் விலகி வெப்பம் ஏறினால் பூக்கள் விரியும்; வறண்ட காற்று துகளைப் பரப்பும்; நல்ல மழை அதைக் கழுவி மண்ணில் சேர்க்கும். ஆகவே மார்ச் மாதத்து மேகத்தை அந்நகரத்து ஆஸ்துமா நோயாளி உழவனைப் போல எதிர்பார்க்கிறார்.

எண் உயரும் நாளில் தரப்படும் அறிவுரைகள் நாமறிந்தவையே: சன்னல்களைச் சாத்துங்கள், வெளியே செல்லாதீர்கள், முகக்கவசம் அணியுங்கள். வசதியுள்ளோர் சில வாரங்கள் வேறு ஊர்களுக்குப் போய்விடுவதும் உண்டு. ஆனால் பசுமைப் பட்டையில் புல் வெட்டும் தோட்டக்காரர், நாற்சந்தியில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், சாரத்தின்மேல் வேலை செய்யும் கொத்தனார் ஆகியோர் எந்தச் சன்னலைச் சாத்துவது? கச்சி ஆபாதி எனப்படும் குடிசைப் பகுதிகளின் வீடுகள் காற்றைத் தடுக்கக் கட்டப்பட்டவை அல்ல. ஏழைகளிடம் காணாத நோய் என்று பாஸ்டாக் எழுதியதற்கு, இரு நூற்றாண்டுகளுக்குப் பின் ஒரு நகரம் தரும் மறுமொழியாக இதை நாம் வாசிக்கலாம். முன்கணிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். அதன்படி நடக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல.

மரங்களை வெட்டிவிட்டால் தீராதா? வெட்டியும் பார்த்திருக்கிறார்கள். பல கட்டங்களில் ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்த்தப்பட்டன. வேரைக் களையாத இடங்களில் அவை மீண்டும் தழைத்தன. மல்பெரியின் பெயரால் வேறு மரங்களும் வீழ்கின்றன, வெட்டிய இடத்தில் சாலையும் கட்டடமும் வருகின்றன என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. நோயாளியின் மூச்சும் நகரத்தின் நிழலும் எதிரெதிர்த் தரப்புகளாக நிறுத்தப்பட்டதே இதன் துயரம். வேரோடு களைந்து, அந்த இடத்திலேயே அம்மண்ணுக்குரிய மரங்களை நட்டு, அவை வளரும்வரை காத்திருப்பதே வழி. அவசரத்தில் நட்ட மரத்தை அவசரத்தில் வெட்டித் தீர்க்க முடியாது.

வானிலைத் துறையின் கருவி நாளைய காற்றைச் சொல்கிறது என்றே நாம் எண்ணுகிறோம். இஸ்லாமாபாத்தில் அது 1960களில் எடுக்கப்பட்ட ஒரு முடிவின் விலையையும் சேர்த்தே சொல்கிறது. அந்த முடிவை எடுத்த மேசையில் அமர்ந்திருந்தவர்கள் இன்றில்லை. விலையைச் செலுத்துபவர்களில் மிகப் பலர் அன்று பிறந்திருக்கவே இல்லை.