பாரி மகளிர்: ஆளுமையும் பிற்காலப் பெயர்களும்

பெண்ணின் புலமையைச் சுட்டும் வகையில் பெயர் வழங்கும் மரபு சங்கத் தொகைநூல்களில் உண்டு. காக்கை கரைதலைப் பாடிய நச்செள்ளையார் 'காக்கைபாடினியார்' எனப்பட்டார். ஆயின், புறநானூற்று 112ஆம் பாடலைப் பாடியோர் 'பாரி மகளிர்' என்றே குறிக்கப்பெறுகின்றனர். அவர்களை மணந்துகொள்ளுமாறு விச்சிக்கோனையும் இருங்கோவேளையும் வேண்டும் கபிலரும் (புறம். 200, 201) தந்தையின் கொடைச் சிறப்பையே முன்வைக்கிறார்.

தியாகதுருகம் அடங்கிய இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில் உள்ளது திருக்கோவலூர். அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலின் முதலாம் இராசராசன் (985–1014) காலக் கல்வெட்டு, பாரி மகளை மலையமானுக்கு அளித்தபின் கபிலர் தீப்புகுந்த செய்தியைக் கூறுகிறது. கபிலர், பாரி ஆகியோர் பெயர்கள் அதில் உள. மணமகளின் பெயர் இல்லை.

அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் ஔவையார் தொடர்பான பிற்காலத் தனிப்பாடல் மரபில் வழங்குவன. எதுகையால் இணைந்த இவ்விரு பெயர்களும் மகளிர் இருவரையும் இணையாக நிறுத்துகின்றனவேயன்றி, எவருடைய இயல்பையும் தனித்துக் காட்டவில்லை. தந்தையையும் குன்றையும் இழந்த துயரை இரு திங்கள்களின் நிலவொளிக்கிடையே வைத்துப் பாடிய புலமையே அவர்தம் ஆளுமை. அதனை உணர்த்தும் பெயரை மரபு அவர்களுக்குச் சூட்டவில்லை. எனவே, அங்கவை, சங்கவை என்பவற்றைச் சங்ககால இயற்பெயர்களாகக் கொள்ளாமல், பெயரின்மையை நிரப்ப எழுந்த பிற்கால வழக்காகக் கொள்வதே பொருந்தும்.